பணியிடத்தில் ஆபத்து நேரும்போது ஊழியர்கள் எல்லோருக்கும் எப்படித் தெரிவிப்பது?

கேட்கப்பட்டது இது: மூன்று தள அலுவலகமும், அதை ஒட்டி ஓர் உற்பத்திக் கூடமும் கிடங்கும் உள்ள நிறுவனம். இரண்டு ஷிப்டுகள் நடக்கின்றன. பழைய தீ மணி ஒன்றும், மேற்பார்வையாளர்களுக்கான வாட்ஸப் குழு ஒன்றும் இருக்கின்றன. எல்லோருடைய கைப்பேசிக்கும் ஒரே நேரத்தில் செய்தி அனுப்பும் செயலியை வாங்கிவிட்டால் அவசரநிலை அறிவிப்புக்கு அது போதுமா என்று நிர்வாகம் கேட்கிறது.

போதாது. செயலியை வாங்கலாம், ஆனால் அது இந்த ஏற்பாட்டில் கடைசியாக வர வேண்டியது. முதலில் முடிவு செய்ய வேண்டியவை நான்கு: ஆபத்தை யார் அறிவிக்கலாம், எந்த ஒலிக்கு என்ன பொருள், அந்த ஒலி எட்டாத இடங்கள் எவை, மின்சாரமும் இணையமும் போனபின் எது வேலை செய்யும். இவற்றுக்கு விடை இல்லாத இடத்தில் எவ்வளவு நவீனமான கருவியை வைத்தாலும், அதை இயக்க வேண்டியவர் தயங்கி நிற்கும் அந்த ஓரிரு நிமிடங்களில் எல்லாம் கைமீறிப் போய்விடும்.

தயக்கம் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. பெரிய தொழில் விபத்துகளின் விசாரணைகளைப் படித்தால், கருவி இல்லாததால் மட்டுமே அறிவிப்பு தவறியதாகத் தெரிவதில்லை. மற்றவர்களைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று யாரோ எப்போதோ எடுத்த ஒரு முடிவும் அவற்றில் திரும்பத் திரும்பத் தென்படுகிறது. போபாலில் 1984 டிசம்பர் 2 நள்ளிரவு தாண்டி நச்சுவாயு கசிந்தபோது, யூனியன் கார்பைடு ஆலையில் தொழிலாளர்களுக்கான சங்கும் சுற்றுப்புற மக்களுக்கான சங்கும் தனித்தனியாகப் பிரிக்கப்பட்டிருந்தன. சிறு கசிவுகளுக்கெல்லாம் ஊர் பதற வேண்டாம் என்ற எண்ணத்தில் 1982இல் செய்யப்பட்ட மாற்றம் அது. அன்றிரவு ஊருக்கான சங்கு சிறிது நேரம் ஒலித்து நிறுத்தப்பட்டது. ஆலைக்குள் இருந்தவர்கள் காற்று வீசும் திசையைப் பார்த்து விலகிச் சென்றார்கள். வெளியே உறங்கியவர்களுக்கு மூச்சுத் திணறிய பிறகுதான் ஏதோ நடக்கிறது என்று தெரிந்தது. 2010 ஏப்ரல் 20 அன்று மெக்சிகோ வளைகுடாவில் வெடித்த டீப்வாட்டர் ஹொரைசன் எண்ணெய்த் துரப்பண மேடையில் 11 பேர் இறந்தனர். அங்கே பொது எச்சரிக்கை ஒலி தானாக எழாதபடி தடுத்து வைக்கப்பட்டிருந்தது என்றும், நள்ளிரவில் பொய் எச்சரிக்கைகளால் ஊழியர்களின் தூக்கம் கெடக் கூடாது என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம் என்றும் மேடையின் மின்னணுத் தொழில்நுட்பர் விசாரணையில் சாட்சியம் அளித்தார்.

எனவே முதல் விதி, ஆபத்தைக் கண்ட எவரும் எவருடைய அனுமதியையும் கேட்காமல் எச்சரிக்கையை எழுப்பலாம் என்பது. இதை எழுத்தில் வைக்க வேண்டும். நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பில் இருப்பவரே ஊழியர்களிடம் நேரில் சொல்ல வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளி, துப்புரவுப் பணியாளர், நேற்றுச் சேர்ந்த பயிற்சியாளர் ஆகிய எல்லோருக்கும் இது பொருந்தும். நல்லெண்ணத்தில் எழுப்பப்பட்ட எச்சரிக்கை தவறாகப் போனால் அதற்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வராது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். உற்பத்தி அரைமணி நேரம் நின்றதற்காக ஒருவர் ஒருமுறை கண்டிக்கப்பட்டால் போதும். அடுத்த முறை புகையைப் பார்ப்பவர் மேற்பார்வையாளரைத் தேடிப் போவார், மேற்பார்வையாளர் மேலாளரைத் தொலைபேசியில் அழைப்பார், மேலாளர் கூட்டத்தில் இருப்பார்.

எழுத்தில் வைத்தால் மட்டும் தயக்கம் போய்விடாது, ஏனென்றால் அது மனித இயல்பிலேயே இருக்கிறது. 1968இல் பிப் லாட்டனே, ஜான் டார்லி என்ற இரு உளவியலாளர்கள் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். படிவம் நிரப்பிக்கொண்டிருந்தவர்களின் அறைக்குள் சுவர்த் துளை வழியாகப் புகையைச் செலுத்தினார்கள். தனியாக இருந்த 24 பேரில் 18 பேர் எழுந்து போய்த் தெரிவித்தார்கள். மூன்று பேர் சேர்ந்திருந்த 8 குழுக்களில் 3இல் மட்டுமே யாராவது ஒருவர் தெரிவித்தார். எதையும் கண்டுகொள்ளாமல் இருக்கும்படி முன்பே சொல்லிவைக்கப்பட்ட இருவருடன் அமர்த்தப்பட்ட 10 பேரில் ஒரே ஒருவர்தான் எழுந்தார். மற்றவர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டும் இருமிக்கொண்டும் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தார்கள். அலுவலகங்களில் மணி அடித்ததும் எல்லோரும் முதலில் பக்கத்து மேசையைப் பார்ப்பது இதனால்தான். ஒவ்வொரு பகுதியிலும், ஒவ்வொரு ஷிப்டிலும், ஒலி கேட்ட உடனே எழுந்து நின்று “கிளம்புங்கள்” என்று உரக்கச் சொல்வதையே வேலையாகக் கொண்ட ஒருவரும், அவர் விடுப்பில் இருந்தால் பொறுப்பேற்க இன்னொருவரும் இருந்தால் இந்தத் தேக்கம் பெருமளவு குறையும். இதற்குப் பெரிய பதவியில் இருப்பவர் தேவையில்லை. குரல் உள்ளவராகவும் இருக்கையில் பெரும்பாலும் இருப்பவராகவும் இருந்தால் போதும்.

அடுத்தது ஒலிகளின் பொருள். ஒரே மணியைத் தீக்கும், வாயுக் கசிவுக்கும், புயலுக்கும், ஆயுதத்துடன் நுழைந்தவருக்கும் அடிப்பது ஆபத்தானது, ஏனெனில் இவற்றுக்கு மக்கள் செய்ய வேண்டியவை ஒன்றுக்கொன்று எதிரானவை. தீ என்றால் வெளியேற வேண்டும். வெளியே நச்சுவாயு பரவுகிறது என்றால் உள்ளேயே இருந்து கதவு சன்னல்களை மூடி, வெளிக்காற்றை இழுக்கும் குளிர்சாதன அமைப்பை நிறுத்த வேண்டும். அம்மோனியா போன்றது ஆலைக்குள்ளேயே கசிந்தால், காற்றுத் திசைகாட்டும் துணிப்பையைப் பார்த்து, காற்று வீசும் திசைக்குக் குறுக்காகவோ எதிராகவோ விலக வேண்டும். வெளியேறியவர்கள் வந்து நிற்கும் வழக்கமான கூடுமிடம் காற்றின் போக்கிலேயே அமைந்திருந்தால் அங்கே போவதே ஆபத்து. தாக்குபவர் ஒருவர் உள்ளே நுழைந்திருக்கிறார் என்றால் தீ மணி எல்லோரையும் நடைகூடத்துக்கு வரவழைத்து அவர் முன்னால் நிறுத்திவிடும்.

ஆனால் பத்து ஆபத்துகளுக்குப் பத்து ஒலிகள் வைப்பதும் பயன் தராது. ஊழியர்கள் நினைவில் நிற்பவை இரண்டு, மிஞ்சினால் மூன்று. ஆபத்தின் பெயரை வைத்துப் பிரிக்காமல், செய்ய வேண்டிய செயலை வைத்துப் பிரிப்பதே சரி: வெளியேறு, உள்ளேயே இரு, வேண்டுமானால் மூன்றாவதாக, காற்றைப் பார்த்து விலகு. வெளியேறுவதற்கான ஒலிக்கு ஐ.எஸ்.ஓ. 8201 என்ற சர்வதேசத் தரம் ஒரு தாளத்தை வகுத்திருக்கிறது: இடையிடையே அரை விநாடி அமைதியுடன் அரை விநாடி ஒலி மூன்று முறை, மூன்றாவது ஒலிக்குப் பிறகு ஒன்றரை விநாடி இடைவெளி, மீண்டும் அதே சுற்று. இருக்கும் மணியை மாற்றும்போது இந்தத் தாளத்தைத் தேர்ந்தெடுத்தால், வேறு நிறுவனத்தில் இதைக் கேட்டுப் பழகியவருக்கும் பொருள் தெரியும். ஷிப்டு தொடங்குவதற்கும் உணவு இடைவேளைக்கும் அடிக்கும் மணியை அவசரத்துக்கும் பயன்படுத்தக் கூடாது. கால அளவை மட்டும் நீட்டி வேறுபடுத்தலாம் என்பது எழுத்தில் நன்றாக இருக்கும், பதற்றத்தில் யாரும் விநாடி எண்ணுவதில்லை.

ஒலி கவனத்தைத் திருப்பும். காரணத்தை மனிதக் குரல்தான் சொல்ல முடியும். இங்கிலாந்தின் நியூகாசில் நகரச் சுரங்க ரயில் நிலையம் ஒன்றில் கீலென் புரூ, ஜோனதன் சைம் ஆகியோர் நடத்தி 1991இல் வெளியிட்ட ஆய்வில், மணி மட்டும் அடித்தபோது பயணிகள் பெரும்பாலும் அசையவில்லை. என்ன நடந்திருக்கிறது, எந்தப் பக்கம் போக வேண்டும் என்று ஒலிபெருக்கியிலும் பணியாளர் மூலமும் சொன்னபோது விரைவாக வெளியேறினார்கள். ஆகவே அலுவலகத்தின் மூன்று தளங்களுக்கும் கூடத்துக்கும் கிடங்குக்கும் ஒலிபெருக்கி அமைப்பு தேவை. செயலிக்கு ஒதுக்கும் பணம் முதலில் போக வேண்டிய இடம் இதுதான் என்பது என் கருத்து.

குரல் இருந்தாலும் சொல்வது சரியாக இருக்க வேண்டும். 2001 செப்டம்பர் 11 அன்று நியூயார்க்கில் உலக வர்த்தக மையத்தின் வடக்குக் கோபுரத்தின் மீது காலை 8.46க்கு விமானம் மோதிய பிறகு, தெற்குக் கோபுரத்தில் இந்தக் கட்டடம் பாதுகாப்பாக இருக்கிறது, இருக்கைகளுக்குத் திரும்பலாம் என்று ஒலிபெருக்கியில் அறிவிக்கப்பட்டது. இறங்கத் தொடங்கியிருந்தவர்களில் சிலர் அதைக் கேட்டுத் திரும்பினார்கள். 9.03க்கு அந்தக் கோபுரத்தின் மீதும் விமானம் மோதியது. அறிவித்தவர் தமக்கு அப்போது தெரிந்ததை வைத்தே பேசினார். இரண்டாவது விமானத்தை யாரும் எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் நிலைமை உறுதியாகத் தெரியாத வேளையில் “பயப்பட ஒன்றுமில்லை” என்று அறிவிப்பதை நடைமுறையிலிருந்தே நீக்கிவிடலாம். பீதி கிளம்பிவிடுமோ என்ற அச்சத்தால் நிர்வாகங்கள் செய்தியை மழுப்புவது வழக்கம்; ஆபத்தில் மக்கள் உடனே வெறிபிடித்து ஓடுவார்கள் என்பதைவிட, கோப்பை மூடிவைத்து, கணினியை அணைத்து, பையை எடுத்துக்கொண்டு நிதானமாகக் கிளம்பி நேரத்தை இழப்பார்கள் என்பதுதான் பெரும்பாலான தீ விபத்துகளில் காணப்படும் உண்மை.

அறிவிப்பை முன்கூட்டியே எழுதி, ஒலிவாங்கிக்கு அருகிலேயே ஒட்டி வைக்க வேண்டும். “கவனிக்கவும். கிடங்கில் தீப்பிடித்திருக்கிறது. எல்லோரும் உடனே முன்பக்கப் படிக்கட்டு வழியாக வெளியேறிக் கூடுமிடத்துக்கு வரவும். கிடங்குப் பக்கம் போக வேண்டாம். மின்தூக்கியைப் பயன்படுத்த வேண்டாம்.” இடம், நிகழ்வு, செய்ய வேண்டியது, செய்யக் கூடாதது என்ற இவ்வளவும் பதினைந்து விநாடிக்குள் அடங்கும். இதையே இரண்டு முறை படித்து, சிறிது விட்டு மீண்டும் படிக்க வேண்டும். கூடத்தில் வேறு மொழி பேசும் தொழிலாளர்கள் இருந்தால் அந்த மொழியிலும் எழுதி, அதைத் தெளிவாகப் படிக்கத் தெரிந்தவர் ஒவ்வொரு ஷிப்டிலும் இருக்கிறாரா என்று பார்க்க வேண்டும். “சிவப்பு நிலை”, “குறியீடு மூன்று” போன்ற மறைமொழிகள் மருத்துவமனைபோல நோயாளிகளின் நடுவே பணியாளர்களை மட்டும் அழைக்க வேண்டிய இடங்களுக்குப் பொருந்தலாம். பார்க்க வந்தவரும் லாரி ஓட்டுநரும் உள்ளே இருக்கும் ஒரு தொழிற்கூடத்தில் அவற்றால் குழப்பமே மிஞ்சும்.

தவறான செய்தியைத் திருத்துவதற்கான வாசகமும் முன்பே எழுதப்பட்டிருக்க வேண்டும். 2018 ஜனவரி 13 அன்று ஹவாய் மாநில மக்களின் கைப்பேசிகளுக்கு ஏவுகணை வருகிறது என்ற பொய் எச்சரிக்கை போனது. அதைத் திருத்தும் செய்தி அதே வழியில் போய்ச் சேர 38 நிமிடங்கள் ஆயின. அனுப்பிய ஊழியர் ஓர் ஒத்திகையை உண்மை நிகழ்வு என்று எடுத்துக்கொண்டிருந்தார். ஒத்திகைக்கான அறிவிப்பின் தொடக்கத்திலும் முடிவிலும் “இது ஒத்திகை” என்ற சொற்கள் வர வேண்டும் என்பது இதனால்தான் கறாராகக் கடைப்பிடிக்க வேண்டிய விஷயம்.

இனி, ஒலி யாருக்கு எட்டாது என்ற கேள்வி. இதற்கு நிறுவனத்தின் வரைபடத்தை எடுத்துக்கொண்டு ஒரு நாள் நடந்து பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. 1911 மார்ச் 25 அன்று நியூயார்க்கின் டிரையாங்கிள் ஆடைத் தொழிற்சாலையில் 146 பேர் இறந்தபோது, எட்டாம் தளத்தில் தீயைக் கண்டவர்கள் பத்தாம் தளத்துக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டார்கள். நிர்வாகத்தினர் இருந்தது அங்கே. இடையில் இருந்த ஒன்பதாம் தளத்துக்கு எந்த அறிவிப்பும் போகவில்லை. தீயே போய்ச் சேர்ந்தது. இன்றைய ஒன்பதாம் தளங்கள் வேறு வடிவில் இருக்கின்றன: கழிவறை, குளிர்பதன அறை, மொட்டைமாடி, மின்னாக்கி அறை, ஏற்றிறக்க முற்றத்தில் கண்ணாடியை ஏற்றிவிட்டு லாரிக்குள் உறங்கும் ஓட்டுநர், இரவில் தனியே சுற்றிவரும் காவலர்.

உற்பத்திக் கூடத்தில் இரைச்சல் பெரிய தடை. அமெரிக்கத் தீ எச்சரிக்கைத் தரமான என்.எஃப்.பி.ஏ. 72, எச்சரிக்கை ஒலி அந்த இடத்தின் சராசரி இரைச்சலைவிடக் குறைந்தது 15 டெசிபலாவது, அல்லது ஒரு நிமிடமாவது நீடிக்கும் உச்ச இரைச்சலைவிட 5 டெசிபலாவது, இவற்றில் எது அதிகமோ அந்த அளவுக்கு, உயர்ந்திருக்க வேண்டும் என்கிறது. மொத்த ஒலி 110 டெசிபலைத் தாண்டவும் கூடாது. எனவே ஒரு மூலையில் காதைக் கிழிக்கும் பெரிய சங்கு ஒன்றை வைப்பதைவிட, மிதமான ஒலி எழுப்பிகள் பலவற்றைப் பரவலாக வைப்பது நல்லது. இரைச்சல் 105 டெசிபலைத் தாண்டும் இடங்களில் ஒலியை நம்பவே கூடாது. மின்னும் விளக்குகள் கட்டாயம். அவை விநாடிக்கு ஒன்று முதல் இரண்டு முறை வரை மின்ன வேண்டும். அதைவிட வேகமாக மின்னுவது சிலருக்கு வலிப்பைத் தூண்டக்கூடும் என்பதால் ஒரே பார்வைக்குள் வரும் விளக்குகள் சேர்ந்தாற்போல் மின்னும்படி அமைப்பார்கள். செவிக்காப்பு அணிந்து வேலை செய்பவர்களுக்கும் விளக்கு பயன்படும். செவித்திறன் குறைந்த ஊழியருக்கு விளக்குடன் அதிரும் கருவியும், அருகில் வேலை செய்யும் ஒருவர் அவரைத் தோளில் தட்டி அழைப்பார் என்ற முன்னேற்பாடும் தேவை. பார்வையும் செவியும் எட்டாத இடத்துக்கு மூக்கைப் பயன்படுத்திய துறையும் உண்டு: உலோகச் சுரங்கங்களில் ஆபத்து வேளையில் மெர்காப்டான் போன்ற கடும் நாற்றமுள்ள வேதிப்பொருளைக் காற்றோட்டக் குழாய்களில் கலந்துவிடுவார்கள், ஆழத்தில் துளைக்கருவியின் இரைச்சலில் இருப்பவருக்கும் நாற்றம் போய்ச் சேர்ந்துவிடும்.

சிறிய இடங்களுக்கு இவ்வளவும் வேண்டியதில்லை. பத்து அல்லது அதற்குக் குறைந்த ஊழியர்கள் உள்ள பணியிடத்தில், எல்லோருக்கும் கேட்குமானால், நேரடியாகக் குரல் கொடுத்து அறிவிப்பதையே அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு அமைப்பான ஓஷா ஏற்கிறது. உங்கள் நிறுவனத்தில் அது செல்லாது.

மின்சாரம் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். தீயும் வெள்ளமும் முதலில் பறிப்பது மின்சாரத்தை. மேலே சொன்ன என்.எஃப்.பி.ஏ. 72 தரம், எச்சரிக்கை அமைப்பின் மின்கலம் 24 மணி நேரம் காத்திருந்த பிறகும் 5 நிமிடம் ஒலி எழுப்பக்கூடியதாகவும், குரல் அறிவிப்பு என்றால் 15 நிமிடம் இயங்கக்கூடியதாகவும் இருக்க வேண்டும் என்கிறது. ஒலிவாங்கி இருக்கும் அறையே பாதிக்கப்பட்டால் வேறொரு இடத்திலிருந்து அறிவிக்க வழி இருக்க வேண்டும். வட கடலின் பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடையில் 1988 ஜூலை 6 அன்று முதல் வெடிப்பிலேயே கட்டுப்பாட்டு அறை செயலிழந்து, ஒலிபெருக்கியில் எந்த அறிவிப்பும் வரவில்லை. உத்தரவு வரும் என்று தங்குமிடத்தில் காத்திருந்தவர்களில் பலர் அங்கேயே இறந்தனர். அந்த விபத்தில் இறந்தவர்கள் மொத்தம் 167 பேர். காவலர் அறையில் இரண்டாவது ஒலிவாங்கி, கையில் பிடிக்கும் ஒலிபெருக்கிகள் சில, காற்றழுத்தத்தில் ஊதும் கைக்குழல்கள் ஆகியவை அதிகச் செலவில்லாத மாற்றுகள். அவற்றோடு, “அறிவிப்பு வராவிட்டாலும் புகையைக் கண்டால் கிளம்பு” என்ற பயிற்சியும் சேர வேண்டும்.

சோதனையில் பலர் தவறுவது ஒரே பொத்தானை ஒவ்வொரு முறையும் அழுத்திவிட்டுப் பதிவேட்டில் கையெழுத்திடுவதில்தான். தன் குறைபாட்டைத் தானே கண்டறிந்து தெரிவிக்கும் வசதி இல்லாத எச்சரிக்கை அமைப்புகளை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும் என்றும், அடுத்தடுத்த சோதனைகளில் ஒரே பொத்தானைத் திரும்பப் பயன்படுத்தக் கூடாது என்றும் ஓஷா விதி சொல்கிறது. அந்த வசதி உள்ளவற்றுக்கு ஆண்டுக்கு ஒருமுறை போதும். ஒத்திகையை இரவு ஷிப்டிலும் நடத்த வேண்டும். பகல் ஷிப்டு மட்டும் நன்றாகப் பழகியிருக்கும் நிறுவனங்கள் ஏராளம். எல்லோரும் வெளியேற எத்தனை நிமிடம் ஆயிற்று என்பதைத்தான் பொதுவாக அளக்கிறார்கள். என்னைக் கேட்டால், ஆபத்தைக் கண்ட கணத்திலிருந்து முதல் ஒலி எழும்வரை ஆன நேரத்தைத்தான் முதலில் அளப்பேன். கிடங்கின் ஓரத்தில் ஒருவரிடம் மட்டும் “இங்கே தீ என்று வைத்துக்கொள்ளுங்கள்” என்று எழுதிய அட்டையைக் கொடுத்துவிட்டு, அவர் என்ன செய்கிறார், யாரைத் தேடுகிறார் என்று பார்த்தால், அறிவிப்பு முறையின் உண்மை நிலை அங்கேயே தெரிந்துவிடும்.

ஒலி நின்றுவிட்டது என்பதால் ஆபத்து நீங்கிவிட்டதாகப் பொருள் இல்லை. மின்கலம் தீர்ந்திருக்கலாம், கம்பி எரிந்திருக்கலாம். உள்ளே திரும்பலாம் என்பதைப் பெயர் குறிப்பிடப்பட்ட ஒருவர் மட்டும், தலைகளை எண்ணி, தீயணைப்புத் துறையினரிடம் கேட்ட பிறகு, நேரில் சொல்ல வேண்டும்.

இப்போது செயலிக்கு வரலாம். கட்டடத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கு அது நன்றாகப் பயன்படும்: அடுத்த ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருப்பவரை வர வேண்டாம் என்று தடுக்க, புயலுக்கு முன் விடுமுறை அறிவிக்க, கூடுமிடத்துக்கு வராதவர் வேறெங்கோ பத்திரமாக இருக்கிறாரா என்று கேட்க. கட்டடத்துக்குள் இருப்பவர்களுக்கு முதல் எச்சரிக்கையாக அதை நம்ப முடியாது. உற்பத்திக் கூடத்தில் கைப்பேசி பெட்டகத்தில் பூட்டியிருக்கும். அலுவலகத்தில் ஒலி அடக்கி வைக்கப்பட்டிருக்கும். ஒப்பந்தத் தொழிலாளரின் எண் பட்டியலிலேயே இருக்காது. வாங்குவதென்றால் விற்பவரிடம் மூன்று கேள்விகளை எழுத்தில் கேளுங்கள்: நிறுவனத்தின் இணையம் அறுந்தால் செய்தியை எங்கிருந்து அனுப்புவது, ஒலி அடக்கிய கைப்பேசியிலும் ஒலிக்குமா, வேலையை விட்டவரின் எண்ணை நீக்கிப் புதியவரின் எண்ணைச் சேர்ப்பது யாருடைய பொறுப்பு. மூன்றாவதற்கு விற்பவரிடம் விடை இருக்காது. அந்தப் பட்டியலை வாரந்தோறும் சரிபார்க்கும் ஒருவரை மனிதவளப் பிரிவில் நியமித்த பிறகு பணத்தைச் செலுத்துங்கள்.